ஈரம் காயும்வரை

அய்யம்பெருமாளின் வேட்டியில் படம் ஓடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, பங்குனி வெயில் உச்சியில் நிற்கிற நேரம், நாரைகிடந்தானில் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணி வந்து போன இரண்டாம் நாள். கட்டியிருந்த வேட்டி உடைமுள்ளில் மாட்டி இடுப்பிலிருந்து கரண்டைக்கால் வரை கிழிந்துபோனதால், அவர் டிரங்குப்பெட்டியின் அடியில் பதினேழு வருசமாகக் கிடந்த பழைய வேட்டியை எடுத்து, அதன் ரெண்டு முனையிலும் வட்டமாகப் படிந்திருந்த துருக்கறையைத் தேய்த்துப் பார்த்து, போகாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, அலசி, வடிகஞ்சியில் முக்கி, வாசலில் நின்ற ரெண்டு வேப்பமரத்துக்கும் நடுவே இருந்த கொடியில் விரித்துப் போட்டார். போட்ட கையை எடுப்பதற்குள் வேட்டியில் ஒரு சின்னப்பையன் நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான்.

பக்கத்து வீட்டில் கடலை அவித்துக்கொண்டிருந்த பூரணத்தக்கா எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம அய்யம்பெருமாள்ல. அந்த மூக்கைப் பாரேன், அப்பவே அப்படித்தான் இருந்திருக்கு."

எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எட்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி வருகிற ஊரில் எது வந்தாலும் முதலில் பாத்திரத்தைத்தான் தேடுவார்கள். மறுநாளே ஆட்கள் காலிக்குடத்தைக் கொண்டுவந்து கொடிக்கு முன்னால் வரிசையாக வைத்து இடம் பிடித்தார்கள், குழாயடியில் வைக்கிற மாதிரியே. ஒருத்தர் குடத்தை ஒருத்தர் நகர்த்தினால் குழாயடியில் என்ன சண்டை வருமோ அதே சண்டை இங்கேயும் வந்தது. மேலத்தெருக்காரர்கள் மேலப்பக்கம் உட்கார்ந்தார்கள், கீழத்தெருக்காரர்கள் கீழப்பக்கம் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு மாடு படுக்கிற அளவு இடம் விட்டார்கள். அந்த இடத்தை அவர்கள் பதினேழு வருசமாக எல்லாவற்றிலும் விட்டுத்தான் வந்தார்கள், கல்யாணத்தில், சாவு வீட்டில், பஸ்ஸில் கூட.

படத்தின் குணம் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வேட்டி ஈரமாக இருக்கிறவரை ஓடும், காய்ந்தால் நின்றுவிடும். கஞ்சி போட்டால் சத்தம் வரும், போடாவிட்டால் ஊமைப்படம். ஒருநாள் பூரணத்தக்கா உதவி செய்கிறேன் என்று சொட்டுநீலத்தைக் கூடுதலாக விட்டுவிட, அன்றைக்குப் பஞ்ச வருசம் முழுக்க நீலமாக வந்தது, செத்துக் கிடந்த மாடுகூட கடலுக்குள் கிடந்த மாதிரி அழகாக இருந்தது. இன்னொருநாள் யாரோ வேட்டியை முறுக்கிப் பிழிந்து போட்டதில் ரெண்டு வருசம் ஒன்றோடு ஒன்று கசங்கி, அய்யம்பெருமாள் தன் கல்யாணப் பந்தலுக்குள் ஆடு மேய்த்தார். மேலேயிருந்து தண்ணி ஊற்றினால் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பாலியஸ்டர் வேட்டியில் ஒன்றுமே வரவில்லை, கீழத்தெருக்காரர்கள் வாங்கிக்கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

கதை என்றும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆடு மேய்த்தார். பதினாலு வயதில் ஊர்த் தண்ணித்தொட்டி கட்டக் கல் சுமந்தார். கட்டி முடித்ததும் திறந்து மூட ஆள் வேண்டும் என்றபோது, மூணு பேர் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொண்டதில், கேட்காமல் நின்ற நாலாவது ஆள் இவர் என்பதால் வேலையை இவர் கையில் கொடுத்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு வால்வு சாவி, இரும்பில் செய்தது, தலையில் கைப்பிடி. அதைச் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு போவார், குழியில் இறங்குவார், திறப்பார், மூடுவார். புயல் வந்து ஊர்க் கூரையெல்லாம் பறந்த அன்றைக்கும் திறந்தார். எங்கேயோ ஒரு பெரிய தலைவரைக் கொன்றுவிட்டார்கள் என்று பஸ்ஸெல்லாம் நின்று கடையெல்லாம் அடைத்த அன்றைக்கு, விசயம் தெரியாமல், ஏன் இன்றைக்கு ரோட்டில் ஒரு குருவி கூட இல்லை என்று யோசித்துக்கொண்டே போய்த் திறந்தார். நாடு ஒரு பக்கம் எரிந்துகொண்டும் கவிழ்ந்துகொண்டும் இருக்க, வேட்டிக்கு நடுவில் இந்த மனுசன் சைக்கிளில் போய்க்கொண்டே இருந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். தங்கள் செத்துப்போன அப்பாவும் ஆத்தாவும் அவர் சைக்கிளுக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூரணத்தக்கா கடலை விற்றாள்.

அப்புறம் கல்யாணம் வரும். செண்பகம் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சரியாக அந்த இடத்தில் வேட்டி காய்ந்துவிடும். அதற்கு அடுத்த வருசம் என்ன நடந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒருத்தரும் அதைப் பார்க்க ஆசைப்படவில்லை. ஒருதரம் காற்றில் வேட்டியின் கீழ்க்கரை பூரணத்தக்காவின் குடத்துத் தண்ணிக்குள் விழுந்து ஈரம் மேலே ஏற, படம் நிற்காமல் கல்யாணத்தைத் தாண்டிப் போனது. தொட்டிக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையா, மேலத்தெரு, வேகமாக வந்து கரையைக் குடத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"போதும். காயட்டும்" என்றார்.

"ஆமா, காயட்டும்" என்றார்கள் கீழத்தெருவிலும். பதினேழு வருசத்தில் ரெண்டு தெருவும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. அய்யம்பெருமாளின் மகள் வெயிலுகந்தாள். வெயிலு என்று கூப்பிடுவார்கள். வயது பதினேழு. பத்தாவதோடு நின்றுவிட்டாள், அவளுக்குக் கணக்கு வரவில்லை, கணக்கு வாத்தியாருக்குப் பொறுமை வரவில்லை. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேனில் பேர் கொடுத்திருந்தாள், அடுத்த தண்ணி வருகிற அன்றைக்கு வேன் வரும். அப்பாவிடம் சொல்லவில்லை என்பதைவிட, அப்பாவிடம் எதையுமே சொல்வதில்லை என்பதுதான் சரி. அவரை அப்பா என்று கூப்பிட்டதும் கிடையாது. "இந்தாங்க", "சோறு வச்சாச்சு", அவ்வளவுதான்.

காரணம் அவளுடைய அம்மா. செண்பகம் செத்து மூணு வருசம் ஆகிறது. சாகும்வரை பதினாலு வருசம் ஒரே பாட்டைத்தான் பாடினாள்: நீ பிறந்த அன்றைக்கு ஊரே வெட்டிக்கொண்டு கிடந்தது, வலி வந்துவிட்டது, பூரணம் உயிரைப் பிடித்துக்கொண்டு தொட்டிவரை ஓடிப்போய்ச் சொன்னாள், அதற்கு உங்கப்பன் என்ன கேட்டான் தெரியுமா, வீட்டுல தண்ணி இருக்கா என்று கேட்டான், கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டான், பொழுது சாய்ந்து வந்தவன் உன்னைக் கையில் கூட வாங்கவில்லை. வெயிலு இதைத் தாய்ப்பாலோடு குடித்தாள். கையில் வாங்காத மனுசனை என்னவென்று கூப்பிடுவது?

அன்றைக்கு வேட்டியை மடிக்கும்போது அவரிடமே கேட்டாள்.

"நான் பொறந்த அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஊரே பார்த்த படத்தை அவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை, தெரிந்த கதைதானே என்பார்.

"தண்ணி திறந்தேன்."

"அது தெரியும்."

"பெறகென்ன?" என்றார்.

வெயிலு முடிவு பண்ணிவிட்டாள். போகிறதுக்கு முன்னால் அந்த ஒரு நாளைப் பார்த்துவிட வேண்டும். அம்மா சொன்னதுதான் நிசம் என்றால் நிம்மதியாக வேன் ஏறலாம், திரும்பி வரவே வேண்டாம்.

தண்ணி வருவதற்கு முந்தின நாள். ஊரில் எல்லா வீட்டிலும் குடத்தின் அடியில்தான் தண்ணி கிடக்கும், அதையும் துணி போட்டு வடிகட்டிக் குடிப்பார்கள். அன்றைக்கு அவள் நல்ல கஞ்சியாகப் போட்டாள், பிழியாமல் விரித்தாள், கொடியைத் தாழ்த்திக் கட்டினாள். படம் ஆட்டிலிருந்து ஆரம்பித்துக் கல்யாணத்துக்கு வந்ததும், வீட்டில் மிச்சமிருந்த ரெண்டு குடத்தையும் தூக்கிவந்து வேட்டிக்கு நடுவில் வைத்து, கீழ்க்கரையை உள்ளே முக்கினாள்.

"ஏட்டி, குடிக்க என்ன செய்வ?" என்றாள் பூரணத்தக்கா.

"நாளைக்குக் குடிப்பேன்."

"யம்மா, ஊர் வாயில விழாத. நடந்தது நடந்துபோச்சு."

"நடந்தது உங்களுக்குத் தெரியும்க்கா. எனக்குத் தெரியாதுல்ல. பாக்கப் பிடிக்காதவங்க போங்க, யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?"

போகலாம்தான். ஆனால் போகிறவர்களைத்தான் ஊர் பார்க்கும், அவர் ஏன் போகிறார் என்று கேட்கும். அதனால் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஈரம் நடுவில் மட்டும் ஏறியது. நடுவில் மட்டும் படம் ஓடியது, ரெண்டு பக்கமும் வேட்டி மொடமொடவென்று காய்ந்து வெறும் வெள்ளையாக நின்றது. புகை தெரிந்தது. எந்தத் தெருக் கொடிக்கம்பத்தை முதலில் நடுவது என்று ஆரம்பித்த சண்டை அது, கம்பம் ரெண்டும் எரிந்தபிறகும் நிற்கவில்லை. வால்வுக் குழி தெரிந்தது. குழிக்குள் ரெண்டு வால்வு, ஒன்று மேலத்தெருவுக்கு, ஒன்று கீழத்தெருவுக்கு. குழிக்குப் பக்கத்தில் சைக்கிள். ஒரு இளவட்டம் அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிவந்து, சைக்கிளில் இருந்த வால்வு சாவியை உருவி, கருவேலங்காட்டுக்குள் வீசினான். "கீழத்தெருவுக்கு இனி ஒரு சொட்டு போகாது" என்று சொன்னான். கஞ்சி நன்றாகப் போட்டிருந்ததால் குரல் தெளிவாகக் கேட்டது.

எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். படத்தில் இருந்த கொம்பையாவுக்கு மீசை கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். கீழத்தெருவுக்குத் தண்ணி போகக்கூடாது என்று சாவியைத் தூக்கி எறிந்தவனுக்கு, தன் தெருவுக்குத் திறப்பதும் அதே சாவிதான் என்று தோன்றவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. கோபம் வந்தால் அந்த ஊருக்கு அறிவு அரைமைல் தள்ளித்தான் நிற்கும்.

அய்யம்பெருமாள் குழிக்குள் இறங்கினார். கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்தார், கால்சட்டையோடு நின்றார். தேய்ந்துபோன பழைய வால்வு, கையை விட்டால் தானாக இறங்கி மூடிக்கொள்ளும். அவர் ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டினார். நெஞ்சு தெரிந்தது, தோள் தெரிந்தது, முழங்கை தெரிந்தது. அதற்கு அப்பால் வேட்டி காய்ந்து கிடந்தது.

"கை தெரியலை" என்றாள் வெயிலு. "அந்தக் கையில என்ன செய்யிறாரு? யாராச்சும் ஆளுக்கு ஒரு குடம் கொண்டாங்க."

யாரும் அசையவில்லை. ஒரு குடம் என்றால் அன்றைக்கு ஒரு வீட்டின் உசிர்.

கொம்பையா எழுந்தார். கரையைப் பிடுங்கி எறியப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேரே தன் வீட்டுக்குள் போனார், முக்கால் குடத்தைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார், மேலமுனையில் வைத்தார், கரையை எடுத்துத் தண்ணிக்குள் முக்கினார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு, படத்தில் தான் சாவி பறித்த ஆளையே பார்த்தார்.

மேலக்கை தெரிந்தது. வேட்டி முனையை வால்வுத்தலையில் சுற்றி, சாவி இல்லாமல், வெறுங்கையால் இறுக்கிப் பிடித்திருந்தது. சரியாக அந்தத் துருக்கறை வட்டத்துக்கு மேலே வால்வு வந்து உட்கார்ந்தது.

கீழப்பக்கம் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது. அதே நேரம் படத்துக்குள் கல் விழுந்தது. கீழத்தெருவிலிருந்து ஓடிவந்தவர்கள், மேலத்தெருவுக்குத் திறந்துவிடுகிறான் என்று எறிந்த கல். ஒன்று அய்யம்பெருமாளின் தோளில் பட்டது, அவர் கையை எடுக்கவில்லை. கீழப்பக்கம் உட்கார்ந்திருந்த சப்பாணிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் பெண்டாட்டி அவரை முழங்கையால் இடித்தாள்.

"எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வாய்யா. கல்லைத் தூக்கின கைதான, குடம் தூக்காதோ?"

அவர் எடுத்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒருத்தர், அப்புறம் மேலப்பக்கமிருந்து ஒருத்தி, அப்புறம் யார் யார் என்று கவனிக்க முடியாதபடி குடங்கள் வந்து, வேட்டிக்குக் கீழே இந்த முனை தொட்டு அந்த முனைவரை இடைவெளி இல்லாமல் நின்றன. மாடு படுக்கிற அளவு விட்டிருந்த இடத்திலும் குடம் நின்றது. வேட்டி முழுக்க நனைந்தது. குழிக்குள் ஒரு மனுசன், அந்தக் கையில் மேலத்தெரு, இந்தக் கையில் கீழத்தெரு.

"எய்யா அய்யம்பெருமாளு, செண்பகத்துக்கு வலி வந்துருச்சு" என்று படத்துக்குள் தூரத்திலிருந்து பூரணத்தக்காவின் இளம் குரல் கேட்டது. தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியவளுக்குக் குழிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை.

"வீட்டுல தண்ணி இருக்காக்கா?"

"ஒரு சொட்டு இல்லைய்யா."

அவர் மேலக்கையைப் பார்த்தார். கீழக்கையைப் பார்த்தார். அவர் வீடு மேலத்தெருவில். கீழக்கையை விட்டுவிட்டு ரெண்டு கையாலும் ஒன்றைப் பிடித்தால் கைவலி பாதியாகக் குறையும், அது அவருக்கும் தெரிந்த மாதிரிதான் முகம் இருந்தது. விடவில்லை. அங்கேயே நின்றார்.

அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நிழல் நீண்டது, படத்துக்குள்ளும் நீண்டது, வெளியேயும் நீண்டது. ஒரு மனுசன் கையை விரித்துக்கொண்டு நிற்பதை ரெண்டு தெருவும் கடலையைக் கூடக் கொறிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாயப்போகும்போது அவர் குனிந்து, மேலத்தெருக் குழாயில் காதை வைத்தார். இரும்புக்குள்ளிருந்து தண்ணி ஓடுகிற சத்தம் வந்தது, அது ஒரு அண்டாவில் விழுகிற சத்தம் வந்தது, அதற்கும் அப்பாலிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம் வந்தது. குழிக்குள் தனியாக நின்றுகொண்டு அந்த மனுசன் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்று வெயிலுவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு வீட்டு வாசல் வந்தது. கரண்ட் இல்லாத வீடு. உள்ளேயிருந்து செண்பகம் கேட்டாள், "பிள்ளையைக் கையில வாங்கக்கூட மனசு வரலையா?" அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். விரல் பத்தும் பிடித்த பிடியிலேயே மடங்கிப்போய், தோல் உரிந்து, திறக்கவே இல்லை. "கை அழுக்கா இருக்கு" என்றார்.

அத்தனை குடமும் வற்றிப்போயிருந்தது. வேட்டி காய்ந்தது. படம் நின்றது.

வெயிலு எழுந்து, சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் இன்றைக்கும் முழுசாக நிமிர்வதில்லை. அவர் கை அப்படித்தான் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தாள்.

"ஏன் அம்மாகிட்டச் சொல்லலை?"

"கோவமா இருந்தா. கோவம் ஆறட்டும், சொல்லலாம்னு இருந்தேன்." மற்ற கையால் சைக்கிள் பெல்லைத் துடைத்தார். "ஆறலை."

கொம்பையா பக்கத்தில் வந்து நின்றார். மீசையைத் தடவினார்.

"அண்ணாச்சி, அன்னைக்குத்தான் எங்காத்தா செத்தா. சாகப்போற நேரம் நாக்கு ஒட்டிப்போயி தண்ணி தண்ணின்னா. பானை காலி. குழாயைத் திறந்தேன், வந்துச்சு. ரெண்டு மடக்குக் குடிச்சா, போயிட்டா. தண்ணி தானா வந்துச்சு, எங்காத்தா புண்ணியம்னு இத்தனை வருசமும் ஊர்ல சொல்லிட்டுத் திரியிறேன்."

"தண்ணி தானாவா வே வரும்?" என்றார் அய்யம்பெருமாள்.

கொம்பையா அவர் காலில் விழப்போனார். "நாளைக்குக் குழியில இறங்கணும், காலைப் பிடிச்சா எப்படி" என்று அவர் நகர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகும் அந்த வேட்டியில் படம் ஓடத்தான் செய்கிறது. மிச்சப் பதினேழு வருசம். அதில் ஒன்றும் கிடையாது, காட்டுக்குள் தேடி எடுத்த சாவியோடு சைக்கிளில் வருவார், திறப்பார், மூடுவார், போவார். ஜனங்கள் அதையும் போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள், இப்போதெல்லாம் எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம்.

குடமெல்லாம் வற்றிய அந்த நாளுக்கு மறுநாள், விடிந்து ஏழு மணி. ஊரில் ஒரு வீட்டிலும் வாய் கொப்பளிக்கக் கூடத் தண்ணி இல்லை, அதைப் பற்றி ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. வேன் வந்து தெருமுக்கில் நின்று ஹாரன் அடித்தது. வெயிலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரெண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். வரிசையில் அறுபது குடம் இருந்தது. பூரணத்தக்கா தன் குடத்தை நகர்த்தினாள், அவளுக்கு முந்தினவள் நகர்த்தினாள், எல்லோரும் நகர்த்தினார்கள். அந்தக் குழாயடியில் இப்படி நடந்ததற்குப் படமே தேவலை என்று சொல்லலாம், அவ்வளவு நம்ப முடியாத காரியம்.

குழாய் முதலில் காற்றாகச் சீறியது. அந்தச் சத்தம் கேட்டால் நாரைகிடந்தானில் பெரியவர் சின்னவர் எல்லோரும் ஒரே வாயாக "தண்ணி வந்திருச்சு" என்பார்கள், காலங்காலமாக அதுதான் வழக்கம். அன்றைக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. குழாய்க்கு அந்த முனையில், அரைமைலுக்கு அப்பால் குழிக்குள், மடங்கின விரலோடு ஒரு கை சாவியைத் திருப்புவது எல்லோருக்கும் கண்முன் தெரிந்தது.

"எங்கப்பா திறந்துட்டாரு" என்றாள் வெயிலு.

வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். நேரமாச்சு பாப்பா, மத்த ஊர்ப் பிள்ளைகளும் ஏறணும்ல என்று கத்தினார். அவள் திரும்பாமல், அப்பா வந்து குடிக்கப்போகிற குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க" என்றாள். "நெறையட்டும்."